பதிலாள்: செயற்கை மனிதனின் வரலாறு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் 'பதிலாள்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவார்கள். ஒருவர் காய்ச்சலில் படுத்திருப்பார். அவர் வெட்டும் நிரைக்கு உடனே வேறொருவரை அனுப்புவார்கள். பால்மரத்திற்கு வேண்டியது ஒரு கையும் ஓர் உளியும்தான். அது யாருடைய கை என்று மரம் கேட்பதில்லை. "இன்றைக்கு எத்தனை ஆள் வந்தது?" என்று தண்டல் கேட்பார். 'எத்தனை பேர் வந்தார்கள்' என்று கேட்பதில்லை. கணக்குப் புத்தகத்தில் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும்.

ஆனால் காய்ச்சலில் படுத்த அந்த மனிதருக்கு வீட்டில் பதிலாள் உண்டா? அவரைப் போலவே முகமும் குரலும் நடையும் கொண்ட ஒருவரை அனுப்பி வைத்தால், அவருடைய மனைவியும் மக்களும் ஏற்றுக்கொள்வார்களா? வேலைக்கு ஓர் ஆளுக்குப் பதில் இன்னோர் ஆள் என்பது சரி. வாழ்க்கைக்கும் அது சரியாகுமா? இதுவே நம் இன்றைய பேச்சின் கேள்வி.

இந்தக் கேள்வியை நமக்கு நினைவூட்டியவன் நம் பள்ளி மாணவன் ஒருவன். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த 'எந்திரன்' படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்தான். அந்தப் படத்தில் ஒரு விஞ்ஞானி தன் உருவத்திலேயே சிட்டி என்ற எந்திர மனிதனைச் செய்கிறார். அந்த எந்திர மனிதன் விஞ்ஞானி மணக்கவிருக்கும் பெண்ணையே தான் மணக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். "சார், ரோபோ என்பது எந்த மொழிச் சொல்? ரோபோ ஏன் கல்யாணம் கட்ட ஆசைப்படுகிறது?" என்று நம் மாணவன் கேட்டான். இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. ஆயினும் அந்த இடத்திற்குப் போகுமுன் சற்றுப் பழைய காலத்திலிருந்து நடந்து வருவோம்.

நம் புராணத்திலேயே ஒரு பதில் மனைவி இருக்கிறாள். சூரிய பகவானின் மனைவி சஞ்ஞாதேவி. கணவனுடைய வெப்பத்தை அவளால் தாங்க முடியவில்லை. தன் நிழலிலிருந்து தன்னைப் போலவே ஒருத்தியை உண்டாக்கினாள். அவளே சாயாதேவி. சாயை என்றால் நிழல். கணவனையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளும்படி அவளிடம் சொல்லிவிட்டுச் சஞ்ஞாதேவி புறப்பட்டுப் போய்விட்டாள். கணவனுக்கு வேறுபாடு தெரியவில்லை. ஆண்டுகள் சென்றன. சாயாதேவிக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள். நாமெல்லாம் அஞ்சி வணங்கும் சனீஸ்வரன் அவள் பெற்ற பிள்ளைதான்.

உண்மை எப்படி வெளிப்பட்டது? சாயாதேவி தான் பெற்ற பிள்ளைகளிடம் காட்டிய அன்பை மூத்தாள் பிள்ளைகளிடம் காட்டவில்லை. மனம் நொந்த எமன் ஒருநாள் கோபத்தில் அவளை உதைக்கக் காலை ஓங்கினான். அந்தக் கால் அற்று விழட்டும் என்று அவள் சபித்துவிட்டாள். பெற்ற தாய் பிள்ளையை இப்படிச் சபிப்பாளா என்ற ஐயம் அப்போதுதான் எழுந்தது. சூரியனும் விசாரித்து உண்மையை அறிந்தான். உருவம் ஒன்று, குரல் ஒன்று, பெயரும் ஒன்று. கணவன் கண்டுபிடிக்காததைக் குழந்தையின் மனம் கண்டுபிடித்தது. இக்கதையின் நுட்பம் இதுதான். இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 'நீ எனக்குப் பதிலாக இரு' என்று சாயாதேவியிடம் சொன்னார்களே தவிர, 'உனக்கு என்ன வேண்டும்' என்று அவளிடம் யாருமே கேட்கவில்லை.

மேல்நாட்டாரிடமும் இத்தகைய பழங்கதை உண்டு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரோமாபுரிக் கவிஞர் ஓவிட் என்பவர் பிக்மேலியன் என்ற சிற்பியின் கதையைப் பாடினார். தன் ஊர்ப் பெண்களின் நடத்தையை வெறுத்த அந்தச் சிற்பி தந்தத்தில் ஒரு பெண்ணைச் செதுக்கினான். அந்தச் சிலையின் மேலேயே காதல் கொண்டான். வீனஸ் தேவதையை வேண்டினான். சிலை உயிர் பெற்றது. திருமணம் நடந்தது. கேட்க இனிமையான கதைதான். ஆனால் ஓவிட்டின் பாட்டில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை. அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பிக்மேலியன் விரும்பியது ஒரு மனைவியையா, தன் கைவேலையையா என்று கேட்கத் தோன்றுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் கற்பனை பட்டறைக்குள் வந்து சேர்ந்தது. பிரான்சு நாட்டு வோக்கான்சோன் 1738ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் புல்லாங்குழல் வாசிக்கும் பொம்மை ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். காற்று உண்மையாகவே அதன் வாயிலிருந்து குழலுக்குள் சென்றது. விரல்கள் துளைகளை மூடித் திறந்தன. ஊரே திரண்டு பார்த்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1741இல், அதே மனிதரைப் பட்டு நெசவுத் தொழிற்கூடங்களின் ஆய்வாளராக அரசு நியமித்தது. 1745இல் அவர் தானே நெய்யும் தறி ஒன்றைச் செய்து காட்டினார். மனிதனைப் போல் குழல் ஊதும் பொம்மை முதலில் வேடிக்கையாக வந்தது. மனிதனுக்குப் பதிலாக நெய்யும் தறி அதன் பின்னாலேயே வந்தது. இரண்டும் ஒருவர் கையிலிருந்தே பிறந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

1774ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜாக்கே துரோ என்ற கடிகாரக் குடும்பத்தார் மூன்று பொம்மைகளைக் காட்சிக்கு வைத்தார்கள். ஒன்று எழுதும். ஒன்று படம் வரையும். மூன்றாவது ஓர் இளம்பெண். அவள் தன் விரல்களாலேயே இசைக்கருவியின் கட்டைகளை அழுத்தி வாசிப்பாள். வாசிக்கும்போது மூச்சு விடுவது போல் அவள் மார்பு ஏறி இறங்கும். அந்த மூன்று பொம்மைகளும் நூஷாத்தெல் நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

இத்தகைய பொம்மைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஜெர்மானிய எழுத்தாளர் ஹாஃப்மன் 1816இல் 'மணல் மனிதன்' என்ற கதையை எழுதினார். நத்தானியேல் என்ற இளைஞனுக்குக் கிளாரா என்ற அறிவுள்ள பெண்ணை நிச்சயம் செய்திருக்கிறது. ஆனால் அவன் எதிர்வீட்டு ஒலிம்பியாவிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். ஒலிம்பியா அதிகம் பேச மாட்டாள். அவன் மணிக்கணக்காகப் பேசினாலும் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள். நடுவில் 'ஆ, ஆ' என்று மட்டும் சொல்வாள். தன்னைப் புரிந்துகொண்டவள் இவள் ஒருத்திதான் என்று அவன் உருகுகிறான். கடைசியில் ஒலிம்பியா ஒரு பொறியியற் பொம்மை என்று தெரிகிறது. அவன் சித்தம் கலங்கி மாண்டு போகிறான்.

இந்தக் கதையில் ஒரு கூர்மையான இடம் உண்டு. அவனுடைய தவற்றை எடுத்துச் சொன்னவள் கிளாரா. அவளைத்தான் அவன் உயிரற்ற பொம்மை என்று ஏசுகிறான். மறுத்துப் பேசியவள் பொம்மை, தலையாட்டிய பொம்மை மனுசி! பொம்மையின் குட்டு வெளிப்பட்ட பிறகு அந்த ஊர் இளைஞர்களுக்கு ஒரே சந்தேகம். தங்கள் காதலிகள் பொம்மைகள் அல்ல என்று தெரிந்துகொள்வதற்காக, பாடும்போது சற்றுத் தாளம் தப்பிப் பாடச் சொன்னார்களாம். குறை இருந்தால்தான் மனுசி என்று நம்பிக்கை! சிரித்துக்கொண்டே ஹாஃப்மன் பெரிய உண்மையைச் சொல்லிவிட்டார். இக்கதையைத் தழுவியே 1870இல் பாரிஸில் 'கொப்பேலியா' என்ற நடன நாடகம் அரங்கேறியது. அதில் நிச்சயிக்கப்பட்ட பெண்ணே பொம்மையைப் போல் வேடம் போட்டு, தன் மணமகனின் மயக்கத்தைத் தெளிவிக்கிறாள். அது கல்யாணத்தில் சுபமாக முடிகிறது.

நேயர்களே, இனி நம் மாணவனின் முதல் கேள்விக்கு வருவோம். ரோபோ என்பது எந்த மொழிச் சொல்?

அது ஆங்கிலச் சொல்லன்று. செக் மொழிச் சொல். அது தோன்றியது ஐரோப்பாவின் நடுவில் பொஹீமியா என்ற நாட்டில். பிராக் நகரம் அதன் தலைநகர். அங்கே பல நூற்றாண்டுகளாகக் குடியானவர்கள் நிலப்பிரபுவின் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தார்கள். அவர்கள் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். தங்கள் சொந்தப் பயிர் வாடிக் கிடந்தாலும் அழைத்த நாளில் போக வேண்டும். இந்தக் கட்டாய உழைப்புக்கு 'ரொபோத்தா' என்று பெயர். 1775ஆம் ஆண்டில் குடியானவர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். அவ்வாண்டிலேயே அரசி மரியா தெரேசா, ரொபோத்தா வாரத்துக்கு 3 நாளுக்கு மேற்படலாகாது என்று சட்டம் செய்தார். வாரத்தில் பாதி நாள் இலவச வேலை என்பதே அன்று சலுகை என்றால், முன்பிருந்த நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

வேலையில் மட்டுமா கட்டு? திருமணத்திலும் கட்டு இருந்தது. பண்ணைக் குடியானவனுக்குத் திருமணம் நடக்க வேண்டுமானால் பிரபுவின் அனுமதி வேண்டும். மகனை வேறு தொழில் பழக அனுப்ப வேண்டுமானாலும் அனுமதி வேண்டும். 1781இல் பேரரசர் இரண்டாம் யோசெஃப் இந்தக் கட்டுகளை நீக்கினார். விரும்பியவரை மணக்கவும், ஊரைவிட்டுப் போகவும், தொழில் கற்கவும் அவர்களுக்கு உரிமை கிடைத்தது. கட்டாய உழைப்பு மட்டும் அதற்குப் பின்னும் நீடித்தது. அது 1848ஆம் ஆண்டுப் புரட்சியில்தான் ஒழிந்தது. ஆகவே ரொபோத்தா என்ற சொல்லைக் கேட்கும்போது செக் மக்களுக்குப் பாட்டன் முப்பாட்டன் பட்ட பாடு நினைவுக்கு வரும்.

நம் முன்னோர்க்கும் இதைக் கேட்டால் புரிந்திருக்கும். ரொபோத்தாவும் மலாயாத் தோட்டத்து ஒப்பந்த முறையும் ஒன்றல்ல. இங்கே கூலி உண்டு, அங்கே அதுவும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டுப் போனவனைக் குற்றவாளியாக நடத்திய முறை இங்கும் இருந்தது. அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

கரெல் சாப்பெக் 1890ஆம் ஆண்டில் பொஹீமியாவில் ஒரு நாட்டுப்புற வைத்தியரின் மகனாகப் பிறந்தார். அவருடைய அண்ணன் யோசெஃப் ஓவியர். முதல் உலகப் போர் முடிந்து, 1918இல் செக்கோஸ்லவாக்கியா சுதந்திர நாடாக மலர்ந்தது. போரில் மனிதர்கள் எந்திரத்தின் பாகங்களைப் போல் செலவழிக்கப்பட்டதைக் கண்ட தலைமுறை அது. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் கார்த் தொழிற்சாலையில் 1913 முதல் ஓடும் பட்டையின் முன் நின்று, ஒவ்வொருவரும் ஒரே அசைவை நாள் முழுதும் செய்துகொண்டிருந்தார்கள். இந்தச் சூழலில் சாப்பெக் ஒரு நாடகம் எழுதத் தொடங்கினார். செயற்கைத் தொழிலாளர்களைப் பற்றிய நாடகம். அவர்களுக்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை. அண்ணன் படம் வரைந்துகொண்டிருந்த இடத்திற்குப் போய்க் கேட்டார். தாம் நினைத்திருந்த பெயர் ஏட்டுத்தனமாக இருக்கிறதே என்று வருந்தினார். தூரிகையை வாயில் கவ்வியிருந்த அண்ணன், ரோபோட் என்று வைத்துக்கொள் என முணுமுணுத்தாராம். இந்தச் செய்தியைச் சாப்பெக்கே பின்னாளில் செய்தித்தாளில் எழுதியிருக்கிறார். உலகமெங்கும் வழங்கும் அந்தச் சொல் அப்படித்தான் பிறந்தது. 'கட்டாய வேலைக்காரன்' என்பதே அதன் பொருள்.

'ஆர். யு. ஆர்.' என்ற அந்த நாடகம் 1920இல் அச்சாகி, 1921 ஜனவரி 25ஆம் நாள் பிராக் தேசிய நாடக அரங்கில் அரங்கேறியது. 1922இல் நியூயார்க்கிலும் 1923இல் லண்டனிலும் நடிக்கப்பட்டது. 1938இல் பி.பி.சி. நிலையம் அதன் ஒரு பகுதியைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. தொலைக்காட்சியில் வந்த முதல் அறிவியல் கற்பனை நாடகம் அதுவே என்பர்.

கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். ஒரு தீவில் ஒரு தொழிற்சாலை. அங்கே ரோபோக்கள் செய்கிறார்கள். அவை இரும்பு எந்திரங்கள் அல்ல. சதையைப் போன்ற ஒரு பொருளால் ஆனவை. பார்வைக்கு மனிதர்களே. இன்ப துன்பம், பாட்டு, விளையாட்டு ஆகியவை வேலைக்குத் தேவையில்லை என்று கருதி, அவற்றை நீக்கிவிட்டுச் செய்த மனிதர்கள். மனிதநேயச் சங்கத்தின் சார்பில் ஹெலெனா என்ற பெண் அங்கே வருகிறாள். ரோபோக்களுக்கு உரிமை வேண்டும் என்பது அவள் நோக்கம். முதலில் அவள் கண்ணில் பட்ட காரியதரிசிப் பெண்ணை மனுசி என்றே நினைக்கிறாள். அது ரோபோ. பிறகு வந்த நிர்வாகிகளை ரோபோக்கள் என்று நினைத்துப் பேசுகிறாள். அவர்கள் மனிதர்கள்! இருவரையும் பிரித்தறிய அவளால் முடியவில்லை.

தலைமை நிர்வாகி டோமின், பார்த்த சிறிது நேரத்திலேயே அவளை மணந்துகொள்ளக் கேட்கிறார். தம்மை மறுத்தால் மற்ற ஐவரில் ஒருவரை மணக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்கிறார். அரங்கில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் எண்ணிப் பாருங்கள். அறுவரில் யாரானாலும் ஒன்றுதான், பெண் ஒருத்தி கிடைத்தால் போதும் என்ற நினைப்பு அது. மனிதர்களைப் பதிலாட்களாக எண்ணும் பழக்கம் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது.

பத்து ஆண்டுகள் கழிகின்றன. ரோபோக்கள் உலகத்து வேலையெல்லாம் செய்கின்றன. மனிதர்களுக்கு வேலை இல்லை. எங்கும் குழந்தைகள் பிறப்பதும் நின்றுபோகிறது. தங்களுக்குப் பதிலாக எல்லாவற்றையும் செய்ய ஆள் வைத்துக்கொண்டவர்களுக்கு வாழையடி வாழையாக வர ஒரு பிள்ளையும் இல்லை. ஹெலெனாவின் வேண்டுகோளால் அங்கிருந்த விஞ்ஞானி ஒருவர் சில ரோபோக்களுக்கு உணர்ச்சியைக் கொடுக்கிறார். உணர்ச்சி வந்ததும் அடிமைத்தனம் வலிக்கிறது. ரோபோக்கள் கலகம் செய்து மனிதர்களைக் கொல்கின்றன. அல்குவிஸ்ட் என்ற ஒரே ஒருவரை மட்டும் விட்டுவிடுகின்றன. காரணம், அவர் கட்டட வேலைக்காரர். ரோபோக்களைப் போல் தம் கைகளால் உழைப்பவர்.

ரோபோக்களால் இனம் பெருக்க முடியாது. அவற்றைச் செய்யும் முறை எழுதிய ஏட்டை ஹெலெனா முன்பே எரித்துவிட்டாள். தேய்ந்து அழியப்போகும் ரோபோக்கள் அல்குவிஸ்ட்டிடம் வந்து கெஞ்சுகின்றன. அவருக்கும் வழி தெரியவில்லை. அப்போது இரண்டு ரோபோக்கள் அவர் கண்ணில் படுகின்றன. ஒருவன் பிரைமஸ். மற்றவள் ஹெலெனாவின் சாயலிலேயே செய்யப்பட்டவள். பெயரும் ஹெலெனாதான். வேலைக்கு உதவாதவள் என்று ஒதுக்கப்பட்டவள். சோதிப்பதற்காக, அவளை அறுத்துப் பார்க்கப் போவதாக அல்குவிஸ்ட் சொல்கிறார். அவளுக்குப் பதிலாகத் தன்னை அறுக்கும்படி பிரைமஸ் முன்வருகிறான். அவனை அறுப்பதென்றால் தன்னை அறுக்கும்படி அவள் மன்றாடுகிறாள். கிழவருக்கு உண்மை விளங்குகிறது. ஆதாம் ஏவாளை அனுப்புவது போல் அவ்விருவரையும் வாழ்த்தி அனுப்புகிறார். நாடகம் முடிகிறது.

நேயர்களே, நம் மாணவனின் இரண்டாம் கேள்விக்கும் விடை இதோ. ரோபோ ஏன் கல்யாணம் கட்ட ஆசைப்படுகிறது? அந்தச் சொல்லே திருமணத்துக்கும் அனுமதி கேட்டு நின்ற மக்களின் வாழ்விலிருந்து வந்தது. அத்தகையவனுக்கு விடுதலை என்பது எது? கூலி மட்டுமா? இல்லை. இவள்தான் என் மனைவி, இவன்தான் என் கணவன், வேறு யாரும் அந்த இடத்துக்கு ஆகாது என்று யாருடைய உத்தரவும் இல்லாமல் சொல்லும் உரிமை. பிரைமஸ் அதைத்தான் சொன்னான். அந்தக் கணத்தில் அவன் ஆள் அல்லன், மனிதனாகிவிட்டான். 'பதிலாக' என்ற சொல்லும் அங்கே தலைகீழாக மாறுவதைக் கவனியுங்கள். ஓர் ஆளுக்குப் பதில் இன்னோர் ஆள் என்பது கணக்கு. உனக்குப் பதில் நான் சாகிறேன் என்பது அன்பு.

1927இல் ஜெர்மனியில் வெளிவந்த 'மெட்ரோபோலிஸ்' என்ற பேசாத திரைப்படத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அதில் தொழிலாளர்கள் பூமிக்கு அடியில் உழைக்கிறார்கள். மரியா என்ற பெண் அவர்களுக்கு ஆறுதல் சொல்லி நம்பிக்கை ஊட்டுகிறாள். நகரத்து முதலாளி அவளைப் போலவே ஓர் எந்திரப் பெண்ணைச் செய்வித்துத் தொழிலாளர் நடுவே அனுப்புகிறார். பொய் மரியாவின் பேச்சைக் கேட்ட தொழிலாளர்கள் எந்திரங்களை உடைக்கிறார்கள். அதனால் தங்கள் வீடுகளிலேயே வெள்ளம் புகுகிறது. கம்ப இராமாயணத்தில் சீதையின் மனத்தை மாற்ற மாயா சனகனை அனுப்பிய சூழ்ச்சி நமக்கு நினைவு வரும். நாம் நம்பும் முகத்தைப் போல் ஒரு முகம் செய்து ஏமாற்றுவது பழைய தந்திரம்தான். அந்த எந்திரப் பெண்ணை உருவாக்கிய விஞ்ஞானிக்கும் ஒரு சோகம் உண்டு. அவன் காதலித்த ஹெல் என்ற பெண் முதலாளியை மணந்து, பிள்ளைப்பேற்றில் இறந்தவள். அவளுக்குப் பதிலாகத்தான் அவன் அந்த எந்திரத்தையே செய்யத் தொடங்கினான். வெட்டி எறியப்பட்ட படச்சுருளின் பெரும்பகுதி 2008இல் அர்ஜென்டினாவில் கிடைத்தது. 2010இல் அது ஏறத்தாழ முழுமையாகத் திரையிடப்பட்டது.

1972இல் அமெரிக்க எழுத்தாளர் ஐரா லெவின் 'ஸ்டெப்ஃபோர்ட் மனைவிகள்' என்ற நாவலை எழுதினார். 1975இல் அது திரைப்படமாயிற்று. அமெரிக்கப் பெண்கள் சம உரிமை கேட்டு வீதிக்கு வந்த காலம் அது. ஸ்டெப்ஃபோர்ட் என்ற ஊருக்கு ஜோவன்னா என்ற பெண் கணவனோடும் இரு பிள்ளைகளோடும் குடிவருகிறாள். அந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் வீட்டு வேலையே கதி என்றிருக்கிறார்கள். யாரும் கணவனை எதிர்த்துப் பேசுவதில்லை. கலகலப்பாகப் பேசும் ஒரு தோழி மட்டும் கிடைக்கிறாள். சில நாளில் அவளும் மாறிப்போகிறாள். ஊர் ஆண்கள் சங்கம் வைத்து, தங்கள் மனைவிமாரை ஒழித்துவிட்டு அவர்களைப் போன்ற பொம்மைகளை வைத்துக்கொள்கிறார்கள் என்று ஜோவன்னா அஞ்சத் தொடங்குகிறாள். அவளுடைய கணவனும் அந்தச் சங்கத்தில் சேர்ந்தவன்தான். ரோபோவைக் கண்டு அஞ்சுவதைவிட, ரோபோவை விரும்பும் கணவனைக் கண்டே நாம் அஞ்ச வேண்டும் என்பது அக்கதை தரும் பாடம்.

இவையெல்லாம் கதை என்று சொல்லலாம். 2018ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் ஒருவர் ஒளியால் ஆன ஒரு பாடகி உருவத்தைத் திருமணம் செய்துகொண்டார். கண்ணாடிக் கூண்டுக்குள் தோன்றும் அவ்வுருவம் அவரோடு பேசும். சட்டம் அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. 2020இல் அந்தக் கருவிக்கான சேவையை நிறுவனம் நிறுத்தியது. அதன் பிறகு அவ்வுருவம் அவரோடு பேசவில்லை. அவரை நாம் எள்ளி நகையாட வேண்டாம். தனிமை பொல்லாதது. ஆனால் மனைவியின் குரல் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிவிட்டது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. மனைவி இறந்துபோனால் ஆண்டு முடிவதற்குள், 'பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே' என்று உறவினர் பெண் தேடப் புறப்படுவார்கள். ஆயாக் கொட்டகை ஒரு நேரம் பார்க்கும், மற்ற நேரம் யார் பார்ப்பது என்ற கவலை நியாயமானதே. ஆயினும் அந்த வீட்டுக்கு வந்தவளிடம் எல்லாரும் எதிர்பார்த்தது என்ன? இறந்தவளைப் போல் சமைக்க வேண்டும், அவளைப் போல் நடக்க வேண்டும், அவளைப் போல் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவளைச் சாயாதேவியாக்கிவிட்டு, பிள்ளைகள் ஒட்டவில்லையே என்று அவளையே குறை சொன்னோம். அவளுக்கும் ஒரு பெயர் உண்டு, அவளுக்கும் ஒரு மனம் உண்டு என்று தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்ட வீடுகளில், பிள்ளைகள் அவளை 'அம்மா' என்று தாமாகவே அழைத்ததையும் நாம் கண்டிருக்கிறோம். இறந்தவளின் இடம் அப்படியே இருக்கும். வந்தவளுக்கு வேறோர் இடம் தர வேண்டும்.

காலையில் நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, பால் வெட்டப் போய், திரும்பி வந்து துணி துவைத்த நம் தாய்மார்களை எந்திரம் போல் உழைத்தார்கள் என்று புகழ்வது வழக்கம். அந்தப் புகழ்ச்சி நமக்கு உடன்பாடன்று. எந்திரத்துக்குக் கால் வலிக்காது. அவர்களுக்கு வலித்தது. வலித்தும் செய்தார்கள். அதுதான் பெருமை.

கரெல் சாப்பெக் 1938ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் காலமானார். மூன்று மாதத்தில் ஹிட்லரின் படை பிராக் நகரில் புகுந்தது. ரோபோட் என்ற பெயரைத் தந்த அண்ணன் யோசெஃப் கைது செய்யப்பட்டார். மனிதர்களை எண்களாக மாற்றிக் கட்டாய வேலை வாங்கிய முகாம்களில் அடைபட்டு, 1945இல் பெர்கன் பெல்சன் முகாமில் மாண்டார். கட்டாய உழைப்பின் பெயரால் எந்திரத்துக்குப் பெயர் சூட்டியவர் கட்டாய உழைப்பு முகாமிலேயே உயிர்விட்டார் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இனி வருங்காலத்தில் மரம் வெட்டவும் குலை அறுக்கவும் கணக்கு எழுதவும் பாடம் சொல்லவும்கூட எந்திரங்கள் வரலாம். வேலைக்குப் பதிலாள் வரட்டும். அதனால் நம் முதுகு சற்று நிமிர்ந்தால் நல்லதே. வேலை போனவர்க்கு வேறு வழி என்ன என்று கேட்பதும் நம் கடமை. ஆனால் இன்று மாலை வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும்போது, ஆள் கணக்கு எடுக்க வேண்டாம். ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிடுங்கள். அவர்கள் மறுத்துப் பேசினால் கொஞ்சம் கேளுங்கள். தாளம் தப்பிப் பாடினால் மகிழுங்கள். பொம்மைக்கு அது வராது.